ரிமோட்டை அழுத்தியும் கார் ஸ்டார்ட் ஆகலையா? திருட்டுத் தடுப்பு முறையைக் கொஞ்சம் கவனியுங்கள்

வெயிலில் மணிக்கணக்கில் நின்ற காரில் ஏறுவதற்கு முன்பே, தூரத்தில் இருந்து ரிமோட்டை அழுத்தி இன்ஜினையும் ஏர்கோனையும் ஓடவிடுவது மலேசியாவில் இப்போது பழகிப்போன ஒன்று. ஹோண்டா, புரோட்டோன் நிறுவனங்களின் பல மாடல்களில் இந்த வசதி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. பழைய கார்களுக்கு அக்சசரி கடைகளில் தனியாகப் பொருத்திக்கொள்வோரும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நாள் பட்டனை அழுத்தினால் சிக்னல் விளக்கு மட்டும் மின்னும், இன்ஜின் ஓடாது. இல்லாவிட்டால் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடும். "ரிமோட் கெட்டுப்போச்சு, மாத்தணும்" என்று பலர் உடனே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பல நேரங்களில் எதுவுமே கெட்டிருக்காது. காரின் திருட்டுத் தடுப்பு முறை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், அவ்வளவுதான். அது ஏன் தடுக்கிறது, வீட்டிலேயே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம், பட்டறையில் எதற்குச் சம்மதிக்கக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

அலாரம் வேறு, இம்மொபிலைசர் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். அலாரம் என்பது சத்தம் போடும் கருவி. கதவையோ போனட்டையோ யாராவது திறந்தால் ஹாரன் அடிக்கும், விளக்கு மின்னும். காரை ஓடவிடாமல் தடுப்பது அதன் முக்கிய வேலை அல்ல.

இம்மொபிலைசர் சத்தமே போடாது. சரியான சாவி அருகில் இல்லை என்றால் இன்ஜினை ஓடவிடாது. உங்கள் சாவியின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் கார்களில், சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு வளைய ஆன்டெனா இருக்கும். அது ஏறக்குறைய 125 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும். அந்த அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு, சிப் தன் ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்லும். எண் பொருந்தினால்தான் இன்ஜின் கணினி பெட்ரோலையும் மின்பொறியையும் அனுமதிக்கும். இந்தச் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில், கார் குறைந்த அலைவரிசையில் சாவியைக் கூப்பிடும். சாவி பெரும்பாலும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலையில் பதில் சொல்லும். கதவைத் திறக்க, பூட்ட, தூரத்தில் இருந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இந்த இரண்டாவது அலைதான் பயன்படுகிறது. இதற்கு மட்டும் சாவிக்குள் இருக்கும் பேட்டரி வேண்டும்.

ஆக, ஒரே சாவிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்க இந்த வித்தியாசம் தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தூரத்திலிருந்து ஸ்டார்ட் செய்வதை ஏன் தடுக்கிறது?

"சாவி உள்ளே இருந்தால்தான் ஓடுவேன்" என்பது இம்மொபிலைசரின் விதி. "ஆள் இல்லாமலே ஓடு" என்பது ரிமோட் ஸ்டார்ட்டின் கட்டளை. இரண்டும் நேரெதிர். அதனால் கார் தயாரிப்பாளர்கள் ரிமோட் ஸ்டார்ட்டுக்குச் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தவறினாலும் இன்ஜின் ஓடாது.

மாடலுக்கு மாடல் சிறு வேறுபாடு இருந்தாலும், பொதுவான நிபந்தனைகள் இவை:

• எல்லாக் கதவுகளும் பின்கதவும் போனட்டும் முழுமையாக மூடியிருக்க வேண்டும்.
• கார் பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஹோண்டாவில் முதலில் பூட்டும் பட்டனை அழுத்தி, பிறகு இன்ஜின் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.
• கியர் 'பி' நிலையில் இருக்க வேண்டும்.
• இன்னொரு சாவி காருக்குள் இருக்கக்கூடாது.
• இன்ஜின் எண்ணெய் அழுத்தம், இன்ஜின் சூடு போன்றவற்றில் கார் கோளாறு எதையும் உணர்ந்திருக்கக்கூடாது.
• தொடர்ந்து பல முறை ரிமோட்டிலேயே ஸ்டார்ட் செய்திருக்கக்கூடாது.

கடைசி நிபந்தனைதான் பலரைக் குழப்புகிறது. ஹோண்டா கார்களில் ஒரு முறை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் 10 நிமிடம் ஓடி, தானாக நின்றுவிடும். மேலும் 10 நிமிடம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு நீங்கள் உள்ளே போய் வழக்கம்போல் ஸ்டார்ட் செய்தால்தான் ரிமோட் மறுபடியும் வேலை செய்யும். பேரங்காடியில் சாப்பிட்டுக்கொண்டே மூன்றாவது முறை அழுத்திவிட்டு, "காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்றால் தவறு காரின்மேல் இல்லை.

இன்னொரு சந்தேகமும் அடிக்கடி வரும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், கதவைத் திறந்து பிரேக்கை மிதித்ததும் நின்றுவிடும். சாவி உங்கள் கையில் இல்லை என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். கண்ணாடியை உடைத்து உள்ளே வரும் திருடன், ஓடிக்கொண்டிருக்கும் காரை அப்படியே ஓட்டிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சாவியோடு உள்ளே அமர்ந்து, பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பட்டனை ஒரு முறை அழுத்தினால் கார் ஓட்டத் தயாராகிவிடும். சில மாடல்களில் கதவைத் திறந்ததுமே இன்ஜின் நின்றுவிடும். அதுவும் பழுதல்ல. உங்கள் கார் எந்த வகை என்பது கையேட்டில் இருக்கும்.

எந்த வரிசையில் சோதிப்பது?

பணம் செலவாகாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்.

1. இரண்டாவது சாவியை எடுத்துப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை வேறில்லை. இரண்டாவது சாவியில் எல்லாம் சரியாக இருந்தால், கோளாறு முதல் சாவியில். இரண்டிலுமே வரவில்லை என்றால், கோளாறு காரில் அல்லது அந்த இடத்தில்.

2. ரிமோட்டில் கதவு பூட்டுகிறதா, திறக்கிறதா? இரண்டுமே நடக்கவில்லை என்றால் சாவியின் பேட்டரியை மாற்றுங்கள். பல சாவிகளில் இருப்பது சிஆர்2032 எனும் 3 வோல்ட் காசு பேட்டரி. வேறு அளவும் இருக்கலாம் என்பதால் பழையதைப் பார்த்து வாங்குங்கள். பேட்டரியை மாற்றுவதால் சிப்பில் உள்ள பதிவு அழியாது. பழைய பேட்டரியைக் குழந்தைகளின் கையில் கிடைக்கும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

3. பேட்டரி செத்த சாவியோடு வெளியே மாட்டிக்கொண்டீர்களா? சாவிக்குள் இருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறக்கலாம். அலாரம் அடித்தால் பதறவேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். சிப்புக்குப் பேட்டரி வேண்டாம் என்பதால் பெரும்பாலான கார்கள் ஸ்டார்ட் ஆகிவிடும், அலாரமும் அடங்கிவிடும். சில மாடல்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் நடுப்பெட்டியில் இருக்கும்.

4. சாவிக்கொத்தைப் பாருங்கள். வேறு காரின் சிப் சாவி அதே வளையத்தில் தொங்கினால், ஆன்டெனாவுக்கு இரண்டு பதில்கள் கிடைத்துக் குழம்பும். தனியாகப் பிரித்து முயன்று பாருங்கள். சாவியைக் கைத்தொலைபேசியோடு ஒட்டி வைப்பதும், சார்ஜர் பக்கத்தில் வைப்பதும் இதே சிக்கலைத் தரலாம். அலையை மறைக்கும் திருட்டுத் தடுப்புப் பைக்குள் சாவி இருந்தால் ரிமோட் வேலை செய்யாது.

5. கார் பேட்டரியைச் சோதியுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல நிலை. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். பலவீனமான பேட்டரியில் ஸ்டார்ட்டர் சுற்றும் நொடியில் வோல்ட் சரிந்து, இம்மொபிலைசர் கணினி சாவியை அடையாளம் காணத் தவறலாம். சாவி கோளாறு என்று நினைத்தது பேட்டரி கோளாறாக முடிவது இப்படித்தான். நம் ஊர் வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், பேட்டரி மாற்றி இரண்டு ஆண்டு தாண்டிவிட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

6. போனட்டைத் திறந்து, நன்றாக அழுத்தி மூடுங்கள். போனட்டின் கீழே, அது மூடியிருக்கிறதா என்று சொல்லும் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். மழைநீராலும் இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவுவதாலும் அது துருப்பிடித்தால், மூடிய போனட்டும் திறந்திருப்பதாகவே காருக்குத் தெரியும். பிறகு ரிமோட் ஸ்டார்ட் வராது. நள்ளிரவில் காரணமே இல்லாமல் அலாரம் அடிப்பதற்கும் பல வேளைகளில் இதே சுவிட்ச்தான் காரணம்.

விளக்கு என்ன சொல்கிறது?

டேஷ்போர்டில் சாவி வடிவிலோ, கார்மேல் பூட்டு வைத்தது போலவோ ஒரு சிறு விளக்கு இருக்கும். கார் பூட்டி நிற்கும்போது அது மெதுவாக மின்னினால் கவலை வேண்டாம், காவல் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்த பிறகும் அது மின்னிக்கொண்டே இருந்தால், சாவியைக் கார் அடையாளம் காணவில்லை என்று பொருள்.

இன்ஜினின் நடத்தையும் ஒரு தடயம். பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது, விளக்குகள் மங்குகின்றன என்றால் கார் பேட்டரியைப் பாருங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கி ஓரிரு விநாடியில் நின்றுவிடுகிறது, சாவி விளக்கும் மின்னுகிறது என்றால் இம்மொபிலைசர் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, சாவி விளக்கும் அணைந்துவிட்டது, ஆனால் இன்ஜின் ஓடவில்லை என்றால் பெட்ரோல் பம்ப் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

'செக் இன்ஜின்' விளக்கு எரிந்துகொண்டிருந்தால், ரிமோட்டை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். இன்ஜின் கோளாறு இருக்கும்போது ரிமோட் ஸ்டார்ட்டை மறுக்கும் கார்கள் உண்டு.

ஒரே இடத்தில் மட்டும் ரிமோட் வேலை செய்யலையா?

வீட்டில் நன்றாக இருக்கும் ரிமோட், குறிப்பிட்ட ஒரு கடை வாசலில் மட்டும் செத்துவிடும். பக்கத்துக் கார்க்காரரும் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியானால் கோளாறு காரில் இல்லை, காற்றில் இருக்கிறது.

433 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கார் சாவி மட்டும் பயன்படுத்துவதில்லை. தானியங்கி கேட், கம்பியில்லா அலாரம், வீட்டு மணி எனப் பல கருவிகள் அதே இடத்தில் பேசுகின்றன. அவற்றில் ஒன்று பழுதாகி இடைவிடாமல் அலையைக் கக்கினால், சுற்றியுள்ள சாவிகளின் குரல் காருக்குக் கேட்காது. காரைச் சற்றுத் தள்ளி நிறுத்தி முயலுங்கள், அல்லது சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் செய்யுங்கள். தொல்லை நீடித்தால் எம்சிஎம்சி எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம். அலைவரிசைக் குறுக்கீட்டை விசாரிப்பது அதன் பொறுப்பு.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் பூட்டும் பட்டனை அழுத்தும் நேரம் பார்த்து, அலையை மறிக்கும் கருவியைத் திருடர்கள் பயன்படுத்துவது உண்டு. கார் பூட்டவில்லை என்பது தெரியாமலே நீங்கள் போய்விடுவீர்கள். 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்டதா, பக்கக் கண்ணாடி மடங்கியதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். சந்தேகம் இருந்தால் கதவை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

வெளியே பொருத்திய ரிமோட் ஸ்டார்ட்: கவனிக்க வேண்டிய இடம்

தொழிற்சாலையில் வந்த வசதியில் இம்மொபிலைசரும் ரிமோட்டும் ஒன்றையொன்று அறிந்தவை. வெளியே வாங்கிப் பொருத்தும் கருவிக்கு அந்த உறவு கிடையாது. அதனால் 'பைபாஸ்' என்ற ஒரு துணைக் கருவி தேவைப்படுகிறது. ரிமோட் ஸ்டார்ட் கட்டளை வரும்போது மட்டும், "சரியான சாவி இங்கே இருக்கிறது" என்று அது காரிடம் சொல்லும்.

ஒழுங்காகச் செய்யும் வேலையில், இந்த அனுமதி அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும்தான். நீங்கள் சாவியோடு வந்த பிறகே கார் நகரும். பிரேக் கம்பி, போனட் சுவிட்ச், கியர் நிலை ஆகிய மூன்றும் கருவியோடு இணைக்கப்பட்டிருக்கும்.

குறுக்குவழியில் செய்தால், உங்கள் உபரி சாவியின் சிப்பை எடுத்து ஆன்டெனா வளையத்தோடு டேப் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். ரிமோட் ஸ்டார்ட் பிரமாதமாக வேலை செய்யும், ஒரு நாளும் மக்கர் பண்ணாது. ஆனால் அன்று முதல் உங்கள் காருக்கு இம்மொபிலைசர் இல்லை. எந்த நேரத்திலும் "சாவி இருக்கிறது" என்றே கார் நம்பிக்கொண்டிருக்கும்.

கோளாறு அடிக்கடி வந்து நீங்கள் எரிச்சலோடு நிற்கும்போதுதான் "அந்த இம்மொபிலைசரையே கட் பண்ணிடலாம், தொல்லை விட்டுச்சு" என்ற யோசனையும் வரும். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மெனுவல் கியர் காரில் ரிமோட் ஸ்டார்ட் பொருத்துவது அதைவிட ஆபத்து. கியர் போட்ட நிலையில் கார் நின்றிருந்தால், ஆளில்லாமலே முன்னால் பாயும். எதிரே சுவர் இருக்கலாம், குழந்தையும் இருக்கலாம்.

இம்மொபிலைசர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001-இலும், கனடா 2007-இலும் அதைப் பின்பற்றின. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை.

அதன் விளைவை உலகமே பார்த்தது. சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் பல கியா, ஹியுண்டாய் மாடல்கள் அங்கே இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்டன. அவற்றைத் திருடும் முறை சமூக ஊடகக் காணொலிகளில் பரவ, இளையர்கள் அதை ஒரு சவாலாகவே எடுத்துக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில், ஏறக்குறைய 8.3 மில்லியன் கார்களுக்கு இலவச மென்பொருள் மேம்பாடு வழங்கப்படுவதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அறிவித்தது. இந்தத் திருட்டுகளோடு தொடர்புடைய 14 விபத்துகளும் 8 மரணங்களும் அதற்குள் பதிவாகியிருந்தன. கனடாவில் அதே நிறுவனங்களின் கார்களுக்கு இந்தக் கதி நேரவில்லை. அங்கே சட்டப்படி இம்மொபிலைசர் இருந்தது.

ஒரு சிறிய சிப் செய்யும் வேலை இவ்வளவு பெரியது. ஏர்கோன் குளிர்ச்சிக்காக அதை விட்டுக்கொடுப்பது லாபமான பேரம் அல்ல.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

மேலே சொன்ன ஆறு சோதனைகளிலும் பிடிபடவில்லை என்றால், கோளாறு குறிக்கும் கருவியை இணைத்துப் பார்க்கக்கூடிய பட்டறைக்குப் போங்கள். "ரிமோட் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சாவியில், எந்த இடத்தில், எந்த விளக்கு எப்படி மின்னியது என்று சொல்லுங்கள். முடிந்தால் கைத்தொலைபேசியில் காணொலி எடுத்துக் காட்டுங்கள். தேவையில்லாமல் பாகங்களை மாற்றிப் பார்க்கும் செலவு இதனால் குறையும்.

சாவியை மறுபதிவு செய்யவேண்டி வந்தால் உங்களிடம் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப்போங்கள். பதிவின்போது இல்லாத சாவி சில கார்களில் செல்லாததாகிவிடும். மைகார்ட்டையும் கார் கிராண்ட்டையும் கையோடு வைத்திருங்கள். கார் உங்களுடையதுதானா என்று கேட்காமலே சாவி செய்து தரும் இடம், நாளை உங்கள் காருக்கும் வேறொருவருக்குச் சாவி செய்து தரலாம்.

வெளியே வாங்கும் கருவி என்றால் மூன்று கேள்விகள் போதும். சிரிம் சான்றிதழ் முத்திரை இருக்கிறதா? பைபாஸ் எந்த வகை, நிரந்தரமாக ஒரு சிப்பை உள்ளே வைப்பீர்களா? கம்பியை வெட்டினால் கார் உத்தரவாதம் பாதிக்கப்படுமா? கடைசிக் கேள்விக்கான பதிலை அக்சசரி கடையில் கேட்காமல், கார் விற்பனை நிலையத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். கார் திருடுபோன பிறகு, பாதுகாப்புக் கருவியை நீங்களே முடக்கியிருந்தது தெரியவந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

ஸ்டார்ட் ஆன பிறகும் கவனம் தேவை

கோளாறு சரியாகிவிட்டது, ரிமோட்டை அழுத்தியதும் இன்ஜின் ஓடுகிறது. அப்போதும் கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடைத்த கராஜிலோ, வீட்டுச் சன்னலை ஒட்டிய போர்ச்சிலோ காரை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவருக்கு அது வந்ததே தெரியாது. சட்டைப் பையில் தெரியாமல் அழுந்திய ஒரு பட்டன்கூட இன்ஜினை ஓடவிட்டுவிடலாம். வீட்டில் இருக்கும் நேரத்தில் ரிமோட் ஸ்டார்ட்டைக் கார் அமைப்பில் அணைத்து வைக்க முடியுமா என்று பாருங்கள்.

ஜொகூரில் இருந்து சிங்கப்பூருக்குக் காரை எடுத்துச் செல்வோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். போக்குவரத்துக் காரணம் இல்லாமல், நின்ற காரின் இன்ஜினை ஓடவிடுவது அங்கே குற்றம். ஏர்கோனுக்காக என்று சொன்னாலும் அபராதம் வரும்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து, அது கதவைத் திறக்கிறதா, காரை ஸ்டார்ட் செய்கிறதா என்று இன்றே சோதித்துப் பாருங்கள். முதல் சாவி ஒரு நாள் கைவிடும்போது, அலமாரியில் கிடந்த இரண்டாவது சாவியின் பேட்டரியும் செத்திருந்தால் உங்களுக்கு இழுவை லாரிதான் மிச்சம்.